கோடு போடும் முன்: புதிர்ப்பாதை நிரலில் உள்ளீட்டுச் சரிபார்ப்பு

புதிர்ப்பாதை என்பதே பார்ப்பவரைத் திணறடிக்க வரையப்படுவது. அதனால் அதற்குள் ஒரு பிழை புகுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்திலிருந்து முடிவுக்கு வழியே இல்லாத படமும், வழி இருந்தும் கண்டுபிடிக்கக் கடினமான படமும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டு வயதுக் குழந்தை பென்சிலோடு வெகுநேரம் போராடிப் பார்த்துவிட்டு, “எனக்கு வரல” என்று தாளைத் தள்ளி வைத்துவிடும். தவறு தன்னுடையது என்றே அது நம்பும். படத்தில்தான் தவறு என்று அதற்குச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளீட்டுச் சரிபார்ப்புக்கு இந்த நூலில் தனி அத்தியாயம் ஒதுக்கியதற்கு இதுவே காரணம்.

சென்ற அத்தியாயத்தில் எழுதிய நிரல் பயனரிடம் ஐந்து விவரங்களைக் கேட்கிறது: எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை, ஒரு கட்டத்தின் அளவு எத்தனை மில்லிமீட்டர், தொடக்கக் கட்டம் எது, முடிவுக் கட்டம் எது. இவற்றை வாங்கிக்கொண்டு ஏ4 தாளில் அச்சிடத் தக்க படத்தை வரைகிறது. மொழி பைத்தான் 3. அதில் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இங்கே எல்லாப் பெயர்களும் தமிழில் இருக்கும். ட்ரை, எக்செப்ட், ரெய்ஸ் போன்ற கட்டளைச் சொற்களை மட்டும் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முறியாமல் ஓடும் தவறுகள்

தவறான உள்ளீட்டைக் கொடுத்ததும் நிரல் முறிந்து, திரை முழுக்கச் சிவப்பாகச் செய்தி வந்தால் அது நல்லதே. தவறு வெளியே தெரிந்துவிட்டது. முறியாமல் ஓடி முடிப்பவைதான் ஆபத்தானவை. புதிர்ப்பாதை நிரலில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு.

வரிசை எண்ணிக்கையாக 0 கொடுத்துப் பாருங்கள். ரேஞ்ச் என்ற ஃபங்ஷனுக்கு 0 போனால் சுழல் ஒருமுறைகூடச் சுற்றாது. மைனஸ் 5 கொடுத்தாலும் அப்படியே. எந்த முறையீடும் இல்லாமல் வெற்றுத்தாள் வரும். அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டதோ என்றுதான் பயனர் முதலில் பார்ப்பார்.

இதைவிட மோசமானது தொடக்கக் கட்டம். பயனர் 1 முதல் எண்ணுகிறார். பைத்தான் 0 முதல் எண்ணுகிறது. எனவே பயனர் கொடுத்த எண்ணிலிருந்து 1 கழித்துத்தான் நிரல் பயன்படுத்துகிறது. பயனர் முதல் வரிசையை 0 என்று நினைத்துக்கொண்டு அப்படியே கொடுத்தால் கழித்தபின் மைனஸ் 1 ஆகிறது. வேறு பல மொழிகளில் இது அங்கேயே பிழையாகும். பைத்தானிலோ பட்டியலின் மைனஸ் 1ஆம் உறுப்பு என்றால் கடைசி உறுப்பு. ஆகவே மேலே இருக்க வேண்டிய தொடக்கப்புள்ளி தாளின் அடிவரிசையில் போய் உட்காரும். படம் அழகாகவே இருக்கும். முடிவுப்புள்ளியும் அதே மூலையில் இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தீர்க்கவே தேவையில்லாத புதிர் ஒன்று அச்சாகும்.

கட்டத்தின் அளவைத் தசம எண்ணாக ஃப்ளோட் மூலம் வாங்குகிறோம். ‘நான்’ (எண் அல்ல என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்) என்று யாராவது தட்டினால் ஃப்ளோட் அதை மறுக்காமல் ஏற்கும். அந்த மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும், சிறியதா என்று கேட்டாலும் பெரியதா என்று கேட்டாலும், விடை இல்லை என்பதுதான். “3ஐவிடச் சிறியதாகவோ 20ஐவிடப் பெரியதாகவோ இருந்தால் மறு” என்று நீங்கள் எழுதியிருந்தால் இரண்டு கேள்விக்கும் இல்லை என்று வந்து, அது உள்ளே நுழைந்துவிடும். நிபந்தனையைத் திருப்பி எழுதுங்கள்: “3க்கும் 20க்கும் இடையில் இல்லையென்றால் மறு.” அப்போது வாசலிலேயே நின்றுவிடும். எல்லைச் சோதனை எதுவானாலும் ஏற்கத்தக்கதைச் சொல்லி, மற்றதையெல்லாம் மறுக்கும் வடிவில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எல்லை எண்கள் எங்கிருந்து வருகின்றன

குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று மனம்போன போக்கில் எண்களை எழுதி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வோர் எல்லைக்கும் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை நிரலில் குறிப்பாக எழுதவும் வேண்டும்.

முதலில் கீழ் எல்லை. எந்த இரு கட்டங்களுக்கு இடையிலும் ஒரே ஒரு வழி மட்டுமே உள்ள புதிர்ப்பாதையை நாம் வரைகிறோம். அதில் திறக்கப்படும் சுவர்களின் எண்ணிக்கை, கட்டங்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் ஒன்று குறைவு. 10 வரிசை, 10 நெடுவரிசை உள்ள படத்தில் உட்சுவர்கள் 180, திறப்பவை 99, எஞ்சுபவை 81. பொதுவாகச் சொன்னால், வரிசையில் ஒன்றும் நெடுவரிசையில் ஒன்றும் கழித்துப் பெருக்கினால் எஞ்சும் உட்சுவர்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். வரிசை 1 என்றால் அந்தப் பெருக்கல் 0 ஆகிறது. உள்ளே ஒரு சுவர்கூட மிஞ்சாத நேர்த் தாழ்வாரம்தான் வரும், புதிர் இருக்காது. ஆகவே கீழ் எல்லை 2. அந்த எண் கணக்கிலிருந்தே வந்தது. இரண்டுக்கு இரண்டில் மொத்தமே 4 வெவ்வேறு படங்கள்தான் சாத்தியம். மூன்றுக்கு மூன்றில் 192. குழந்தைகளுக்கான நூலுக்கு 5க்குக் கீழே போகக்கூடாது என்று நீங்கள் முடிவு செய்தால் அது நியாயமான முடிவே. ஆனால் அது பதிப்பாசிரியரின் விதி, கணக்கின் விதி ஆகாது. இரண்டையும் தனித்தனி மாறிலிகளாக வையுங்கள்.

மேல் எல்லையைத் தாள் தீர்மானிக்கிறது. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். நாற்புறமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 180க்கு 267 மிஞ்சும். கட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் 30 நெடுவரிசை, 44 வரிசை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 60 நெடுவரிசை என்பது தன்னளவில் தவறில்லை. 5 மில்லிமீட்டர் என்பதும் தவறில்லை. இரண்டும் சேர்ந்தால் 300 மில்லிமீட்டர் அகலம், தாளில் இடமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாத, சேர்த்துப் பார்த்தால் மட்டுமே பிடிபடும் தவறு இது. அதனால் ஒவ்வொரு விவரத்தையும் வாங்கும்போதே சோதித்தால் போதாது. எல்லாம் கைக்கு வந்தபின் ஒருமுறை மொத்தமாகவும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஓர் எல்லை உண்டு, அதை ஏற்காதீர்கள். சென்ற அத்தியாயத்தில் ஃபங்ஷன் தன்னைத் தானே அழைக்கும் முறையில் பாதையைக் குடைந்தோம். அந்த அழைப்பின் ஆழத்துக்குப் பைத்தான் வைத்திருக்கும் இயல்பான வரம்பு 1000. நம் முறையில் ஆழம் மிக மோசமான நிலையில் கட்டங்களின் எண்ணிக்கை வரை போகலாம். 30க்கு 44 என்றால் 1320 கட்டங்கள். முறியுமா முறியாதா என்பது அந்த ஓட்டத்தில் தற்செயலாக அமையும் பாதையைப் பொறுத்தது. இதற்குப் பயந்து “1000 கட்டங்களுக்கு மேல் கூடாது” என்று பயனருக்கு விதி போடுவது முறையில்லை. குறை நம் நிரலில் இருக்கிறது. அதைப் பயனர் தலையில் கட்டக்கூடாது. தன்னைத் தானே அழைப்பதை விட்டுவிட்டு, போன பாதையை ஒரு பட்டியலில் அடுக்கிவைத்துத் திரும்பும் முறைக்கு மாறுங்கள். பத்து வரிகளுக்கு மேல் மாறாது.

பிழைக்கு ஒரு பெயர்

இவற்றையெல்லாம் சோதித்துத் தவறு கண்டால் என்ன செய்வது? சிலர் பிரிண்ட் போட்டுவிட்டு மேலே நகர்கிறார்கள். சிலர் ஃபங்ஷனிலிருந்து மைனஸ் 1ஐத் திருப்பி அனுப்புகிறார்கள். அழைத்தவர் அதைப் பார்க்க மறந்தால் அந்த மைனஸ் 1 வரிசை எண்ணாகவே பயணத்தைத் தொடரும். அசெர்ட் போடுபவர்களும் உண்டு. பைத்தானை ‘ஓ’ என்ற தேர்வோடு ஓட்டினால் அசெர்ட் வரிகள் அத்தனையும் நீக்கப்பட்டுவிடும் என்பதால் பயனர் உள்ளீட்டுக்கு அதை நம்பவே கூடாது. பைத்தானோடு வரும் வேல்யூ எரர் இருக்கிறதே என்று கேட்கலாம். அதை நாமும் எழுப்புவோம், பைத்தானும் எழுப்பும், நாம் பயன்படுத்தும் நூலகங்களும் எழுப்பும். பிடிக்கும் இடத்தில் எது யாருடையது என்று தெரியாது. நம் விதியை மீறிய உள்ளீட்டையும் நம் நிரலிலேயே உள்ள வழுவையும் ஒரே வலையில் பிடித்தால், வழு கடைசிவரை ஒளிந்தே இருக்கும்.

ஆகவே நமக்கென்று எக்செப்ஷன் எழுதுவோம். புதிர்ப்பிழை என்று ஒரு தாய் கிளாஸ். அது பைத்தானின் எக்செப்ஷன் கிளாஸிலிருந்து பிறக்கும். அதற்குக் கீழே நான்கு: எண்ணே அல்லாததற்கு வடிவப்பிழை, எல்லை மீறியதற்கு எல்லைப்பிழை, தாளிலோ படத்துக்குள்ளோ அடங்காததற்கு இடப்பிழை, முடிவை அடைய முடியாத படத்துக்கு வழியில்லாப்பிழை.

எத்தனை கிளாஸ் வேண்டும் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: பிடிப்பவர் வெவ்வேறு காரியம் செய்வாரா? வடிவப்பிழை வந்தால் அதே கேள்வியை மறுபடி கேட்போம். இடப்பிழை வந்தால் மூன்று விவரங்களைச் சேர்த்துக் கேட்போம். வழியில்லாப்பிழை வந்தால் கேட்டுப் பயனில்லை, கோப்பைத்தான் திருத்த வேண்டும். காரியம் வேறுபடுவதால் கிளாஸும் வேறு. “வரிசைப்பிழை”, “நெடுவரிசைப்பிழை” என்று தனித்தனியாகப் படைப்பது வீண், இரண்டுக்கும் செய்வது ஒன்றே. எந்த விவரத்தில் தவறு என்பதை எக்செப்ஷனுக்குள் ஒரு தகவலாக வைத்தால் போதும்.

தாய் கிளாஸ் மூன்று தகவல்களைச் சுமக்கட்டும்: எந்த விவரம், என்ன கொடுக்கப்பட்டது, எது ஏற்கத்தக்கது. செய்தியைத் தாயே கட்டிவிடும். பயனர் பார்ப்பது இப்படி இருக்கும்: “வரிசைகளின் எண்ணிக்கை ‘1’ என்று கொடுத்திருக்கிறீர்கள். 2 முதல் 44 வரை கொடுக்கலாம்.” அவர் என்ன செய்தார், இனி என்ன செய்யலாம், இரண்டும் அதில் இருக்கின்றன. “தவறான உள்ளீடு” என்று மட்டும் சொல்லி நிறுத்தும் நிரல்கள் பயனரை அவமதிக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

கொடுக்கப்பட்டதைச் செய்தியில் காட்டும்போது ரெப்ர் மூலம் காட்டுங்கள். இணையத்திலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டிய 12க்குப் பின்னால், அகலமே இல்லாத இடைவெளிக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம். இன்ட் அதை ஏற்காது. “12 என்பது எண் அல்ல” என்று செய்தி வந்தால் பயனர் திகைத்துப்போவார். ரெப்ர் அந்தக் குறியை அதன் குறியீட்டு எண்ணாக வெளியே காட்டிவிடும்.

தொழில்முறையாக எழுதுபவர்களுக்கு இன்னொன்று. நூறு படங்களை மல்ட்டிபிராசஸிங் வழியாகப் பல செயல்முறைகளில் ஒரே நேரத்தில் வரைவீர்களானால், எக்செப்ஷனும் ஒரு செயல்முறையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்ய வேண்டும். இனிட் மூன்று தகவல்களைக் கேட்கும்போது, மேல் கிளாஸின் இனிட்டுக்குக் கட்டி முடித்த செய்தியை மட்டும் அனுப்பியிருந்தால், மறுமுனையில் அதை மறுபடி உருவாக்கும்போது இரண்டு தகவல் குறைகிறது என்று டைப் எரர் வரும். மூன்றையும் அப்படியே மேலே அனுப்பிவிட்டுச் செய்தியை ஸ்ட்ர் ஃபங்ஷனில் கட்டினால் இந்தச் சிக்கல் எழாது.

எண்ணாக மாற்றும் இடம்

உரையை எண்ணாக்குவதற்கு முன் இஸ்டிஜிட் கொண்டு சோதிக்கும்படி சில பாடங்களில் சொல்லித்தருகிறார்கள். அது கைவிட்டுவிடும். மேலே சிறிதாக எழுதப்படும் வர்க்கக் குறியான இரண்டையும் இஸ்டிஜிட் இலக்கம் என்று ஏற்கும், இன்ட் மறுக்கும். முன்கூட்டியே சோதிக்க வேண்டாம். ட்ரைக்குள் இன்ட்டை அழையுங்கள். வேல்யூ எரர் வந்தால் பிடித்து, அதிலிருந்து வடிவப்பிழையை எழுப்புங்கள். ரெய்ஸ் வரியின் கடைசியில் ஃப்ரம் சேர்த்து மூலப் பிழையையும் கோத்துவிடுங்கள். பயனர் நம் செய்தியைப் பார்ப்பார். பதிவேட்டில் மூலக் காரணமும் இருக்கும். ட்ரைக்குள் அந்த ஒரு வரிக்கு மேல் வைக்காதீர்கள். எல்லைச் சோதனையையும் அதற்குள் திணித்தால் யார் எழுப்பியதை யார் பிடிக்கிறார்கள் என்பது குழம்பிவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. ௧௨ என்று தமிழ் இலக்கங்களில் தட்டினாலும் இன்ட் அதை 12 என்றே படிக்கும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். ஆனால் பழைய முறைப்படி பத்துக்குரிய குறியைச் சேர்த்து ௰௨ என்று எழுதினால் மறுத்துவிடும், ஏனெனில் யூனிகோடில் ௰ தசம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. தமிழ் இலக்கங்களைப் பயன்படுத்தும் வாசகர்களுக்காக எழுதினால் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

கோப்பிலிருந்து வரும் படம்

கையால் வரைந்த புதிர்ப்பாதையை உரைக்கோப்பாகக் கொடுக்கும் வசதியும் நம் நிரலில் உண்டு. சுவருக்கு ஒரு குறி, வழிக்கு ஒரு குறி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு குறி. வழிக்கு வெற்றிடத்தை வைக்காதீர்கள், புள்ளியை வையுங்கள். பல உரைத்திருத்திகள் சேமிக்கும்போது வரியின் இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிடும். வலப்பக்கச் சுவரில் நீங்கள் விட்ட வாசல் அப்படியே காணாமற்போகும்.

சோதனைகளின் வரிசை முக்கியம். முதலில் கோப்பு காலியா; பிறகு எல்லா வரிகளும் ஒரே நீளமா; பிறகு அனுமதித்த குறிகள் மட்டும்தானா; பிறகு தொடக்கமும் முடிவும் தலா ஒன்றுதானா. சுவர்களுக்கும் இடம் கொடுத்து வரைவதால் வரிகளின் எண்ணிக்கையும் வரியின் நீளமும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 10 வரிசைப் படத்துக்குக் கோப்பில் 21 வரிகள். எந்தச் சோதனையில் தவறினாலும் வரி எண்ணைச் செய்தியில் சொல்லுங்கள், 1இலிருந்து எண்ணி.

இத்தனையும் கடந்தபின்தான் முக்கியமான சோதனை. தொடக்கக் கட்டத்திலிருந்து போகக்கூடிய அண்டைக் கட்டங்களையெல்லாம் குறித்துக்கொண்டே பரவுங்கள், இனிப் பரவ இடமில்லை என்னும்வரை. முடிவுக் கட்டம் குறிக்கப்படாமல் இருந்தால் வழியில்லாப்பிழை. ஒவ்வொரு கட்டத்தையும் அதிகபட்சம் ஒருமுறைதான் குறிக்கிறோம் என்பதால் தாளில் அடங்கும் எந்தப் படத்துக்கும் இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேகம் கருதி இந்தச் சோதனையை யாரும் விடவேண்டிய அவசியமே இல்லை. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் எழுத நேரமிருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்.

எல்லாக் கட்டங்களும் குறிக்கப்பட்டு, திறப்புகளின் எண்ணிக்கை கட்டங்களைவிட ஒன்று குறைவாக இருந்தால் ஒரே வழி உள்ள படம். திறப்பு அதைவிட அதிகமென்றால் எங்கோ ஒரு சுற்றுவழி இருக்கிறது. அதற்கு எக்செப்ஷன் எழுப்ப வேண்டாம், வரைந்தவர் விரும்பியே விட்டிருக்கலாம். வார்னிங்ஸ் மூலம் எச்சரிக்கை ஒன்று கொடுத்துவிட்டு வரையுங்கள்.

எங்கே பிடிப்பது

ஒரே இடத்தில். நிரலின் முதன்மை ஃபங்ஷனில் மட்டும் எக்செப்ட் புதிர்ப்பிழை என்று ஒருமுறை எழுதுங்கள். கேள்வி கேட்டு வாங்கும் சுழலில் வடிவப்பிழையையும் எல்லைப்பிழையையும் பிடித்து மறுபடி கேட்பது மட்டும் விலக்கு. வரையும் ஃபங்ஷன்களுக்குள் ட்ரை கூடவே கூடாது. அங்கே வந்து சேரும் எண்கள் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவை என்ற நம்பிக்கையில்தான் அவை எளிமையாக இருக்கின்றன. பெயர் சொல்லாத வெற்று எக்செப்ட்டை எங்கும் எழுதாதீர்கள். பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியேற முயல்வதையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

பிழைச் செய்தியை வழக்கமான வெளியீட்டில் கலக்காமல் எஸ்டிடிஎரர் வழியாக அனுப்புங்கள். படத்தை உரையாகக் கோப்புக்குத் திருப்பிவிடுபவர்களின் கோப்பில் செய்தி போய்ச் சேரக்கூடாது. வெளியேறும்போது குறியீடு 0 ஆக இருக்கக்கூடாது. கட்டளைவரி விவரங்களைப் படிக்கப் பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் தவறான உள்ளீட்டுக்கு 2 கொடுக்கிறது, நாமும் அதையே பின்பற்றலாம்.

வெளியீட்டுக் கோப்பைத் திறப்பது எல்லாச் சோதனைக்கும் பிறகே நடக்க வேண்டும். எழுதுவதற்காகத் திறந்த அந்த நொடியே பழைய கோப்பின் உள்ளடக்கம் அழிந்துவிடும். அதன்பின் இடப்பிழை வந்தால் பயனர் நேற்று வரைந்து வைத்த நல்ல படமும் போய்விடும்.

சோதனைகள் எழுதும்போது எல்லையின் இரு புறமும் தொடுங்கள்: 6 மில்லிமீட்டர் கட்டத்துக்கு வரிசை 1, 2, 44, 45. எந்த கிளாஸ் எழுந்தது, எந்த விவரத்தின் பெயரைச் சுமந்தது என்று மட்டும் பாருங்கள். செய்தியின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். அதை மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் சோதனை உடையும். பிறகு வீட்டிலோ பள்ளியிலோ நிரல் எழுதத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் தட்டச் சொல்லுங்கள். வெறும் என்டர், மைனஸ் 1, 0, “பத்து” என்ற சொல், 7.5, ௰௨ எல்லாவற்றுக்கும் தமிழில் தெளிவான பதில் வந்தபிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.